புதன்கிழமை மாலைகள்

ஞாயிறு பெரியவர்களுக்கு, புதன் பையன்களுக்கு. அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் அப்போதெல்லாம் கோடைகாலக் கணக்கு இதுதான். சீனியர் அணியின் ஹர்லிங் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் புதன்கிழமை மாலை ஏழரை மணி. ஷானன் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, நாம் என்னிஸ் வந்து இறங்கும்போதே ஆறரை தாண்டியிருக்கும். குளிக்க நேரம் இருக்காது. காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணி டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, கேட்டைச் சாத்தினோமா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவோம். நீ எப்போதும் குடையை மறப்பாய். நான் எடுத்து வருவேன். ஆனால் திடலில் ஒருத்தரும் குடை விரிக்க மாட்டார்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்று. அது என் கக்கத்திலேயே கிடந்து திரும்பும்.

ஓ'கானல் சதுக்கத்தில் அந்த உயரமான தூணைத் தாண்டி ஆபி தெருவுக்குள் நுழைந்தாலே கூட்டம் தெரிய ஆரம்பிக்கும். கிளேர் அணியின் மஞ்சளும் நீலமும். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். ஃபெர்கஸ் ஆற்றுப் பாலத்தில் பாசி வாடை. அதைக் கடந்தால் சிப்ஸ் வண்டி. கொதிக்கிற எண்ணெய், அதன்மேல் கவிழ்க்கிற வினிகர், மூக்கைக் குத்தும் அந்த ஆவி. நீ கியூவில் நிற்பாய், நான் நேரம் ஆச்சு என்று கத்துவேன். ஆட்டத் திடலான கியூசாக் பார்க் ஊருக்கு நடுவிலேயே இருந்தது நமக்குப் பெரிய வசதி. கடைத்தெருவில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அப்படியே உள்ளே போய் நின்று ஆட்டம் பார்க்கலாம். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நம் கையில் இருக்கிற பால் பாக்கெட்டைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் உனக்கு இன்னும் காதில் இருக்கிறதா? ஆட்டம் தொடங்குமுன் இரு பக்கமும் பையன்கள் பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருப்பார்கள். தொக், தொக் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம். மரத்தின் மேல் தோல் பந்து படுகிற சத்தம்தான், ஆனால் கிரிக்கெட் மட்டையின் சத்தம் மாதிரி இல்லை. அதைவிட ஈரமானது, அடி வயிற்றில் வந்து உட்காரும். ஸ்லிட்டர் என்கிற அந்தப் பந்து 110 முதல் 120 கிராம் எடை. உள்ளே தக்கை, மேலே வெள்ளைத் தோல், தையலின் விளிம்பு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அதை ஒரு பையன் ஓடிக்கொண்டே மட்டையின் நுனியில் நிறுத்தி, தட்டி, தூக்கி, எண்பது மீட்டர் தாண்டி இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிடுவான். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. முதல் ஆட்டத்தில் உனக்கு நான் சொன்னதும் எனக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதும் இவ்வளவுதான். மற்றதைக் கண்ணே கற்றுக்கொண்டது. பக்கத்துக்குப் பதினைந்து பேர், அறுபது நிமிடம், மூச்சு விட இடம் கிடையாது.

பெரியவரைச் சொல்லாமல் அந்த மாலைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். காலையில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “இன்னைக்கு வர்றீங்களா, லேட்ஸ்?” என்பார். நம் இருவருக்கும் அவர் வைத்த பெயர் அது. தனித்தனிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. அவர் வீட்டுப் பின்கதவு பூட்டியே பார்த்ததில்லை. உள்ளே போனால் அடுப்பில் கரிமண் கட்டி எரிகிற வாசனை, கெட்டிலில் தண்ணீர், வானொலியில் கிளேர் எஃப்எம். வெளியூர் ஆட்டமென்றால் டிஜி4-ல் நேரலை இருக்கும். ஐரிஷ் மொழி வர்ணனை. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஐரிஷ் பாதி மறந்து போயிருந்தது. நமக்கு ஒரு சொல் தெரியாது. இருந்தாலும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். வர்ணனையாளரின் குரல் ஏறுகிற ஏற்றத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். டீ ஆறிப் போனதும் அவர் பேசாமல் போய் மறுபடி போட்டு வருவார். நமக்குப் பிடிக்கும் என்று பாலைக் கூடுதலாக ஊற்றுவார்.

அவருடைய கொட்டகையின் மூலையில் உடைந்த மட்டைகள் அடுக்கி வைத்திருக்கும். மகன்கள் ஆடியது, பேரன் ஆடியது. நுனி பிளந்தது, கழுத்தில் முறிந்தது, தகரப் பட்டை தளர்ந்து தொங்குவது. குளிர்காலத்தில் அடுப்புப் பற்றவைக்க அவற்றில் ஒன்றை எடுப்பார். எடுக்குமுன் ஒரு நிமிடம் கையில் திருப்பிப் பார்ப்பார், எந்த ஆட்டத்தில் உடைந்தது என்று சொல்வார், பிறகுதான் அடுப்புக்குப் போகும். மட்டைக்கு ஆகிற ஆஷ் மரம் பச்சையாக இருந்தாலும் நன்றாக எரியும் என்று அவர்தான் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பேரனுக்குப் புது மட்டை வாங்க நம்மையும் அழைத்துப் போனாரே, அந்தப் பட்டறை நினைவிருக்கிறதா? ஒரு பண்ணை வீட்டின் பின்னால், தகரக் கூரை போட்ட நீள அறை. உள்ளே காலை வைத்ததும் மரத்தூள் கணுக்கால் வரை. இளம் மஞ்சள் நிறச் சுருள்கள், லேசான இனிப்பு வாசனை. மரத்தின் அடிப்பாகம்தான் மட்டைக்கு வேண்டும். தண்டு தரையைத் தொட்டு வேராக வளையும் இடத்தில் மரத்தின் ரேகையும் சேர்ந்து வளையும். அந்த வளைவிலேயே மட்டையின் அகன்ற நுனியை எடுத்தால்தான் அடிக்கு முறியாது. பலகையாக அறுத்து, மாதக் கணக்கில் காயவைத்து, அச்சை வைத்து வரைந்து, ரம்பத்தில் வெட்டி, பிறகு இழைப்பு. கடைசி இழைப்பைத் தச்சர் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டைவிரலால் தடவித் தடவி இழைத்தார். பேரன் மட்டையை வாங்கி நுனியைத் தரையில் ஊன்றி, உடம்புப் பாரத்தை லேசாக அழுத்திப் பார்த்தான். அது வளைந்து கொடுத்து நிமிர்ந்தது. மூன்று மட்டைகளைத் தள்ளி நாலாவதை எடுத்தான். பதினாறு வயதுப் பையன், அந்த ஒரு நிமிடம் அவன் முகத்தில் இருந்த கவனத்தை நான் பரீட்சை மண்டபத்தில்கூடப் பார்த்ததில்லை.

பரீட்சை என்றதும் இன்னொன்று. இந்த ஊரில் ஜூன் மாதம் பிறந்ததும் பள்ளி இறுதித் தேர்வு தொடங்கும். அன்றைக்கென்று வெயில் அடிக்கும், அதைப் பரீட்சை வெயில் என்றே சொல்வார்கள். மைனர் அணி அப்போது பதினெட்டு வயதுக்கு உட்பட்டது. ஆகவே பகலில் பரீட்சை எழுதுகிற அதே பையன் அதே வாரத்தில் கவுண்டிக்காக ஆடவும் வேண்டியிருக்கும். அவர்கள் வளர்ந்து இருபத்தொன்றுக்கு உட்பட்ட அணிக்கு வருவார்கள். அங்கேயும் யாருக்கும் சம்பளம் கிடையாது. அயர்லாந்தில் ஹர்லிங் ஆடுகிறவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் திங்கட்கிழமை வேலைக்கோ கல்லூரிக்கோ போயாக வேண்டும். புதன்கிழமை நாம் தொண்டை கிழியக் கத்திய பையன் வியாழக்கிழமை பெட்ரோல் பங்கில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்பான். பெரியவர் அவனிடம் போய், “நேத்து அந்த ரெண்டாவது பந்தை நீ விட்டிருக்கக் கூடாது” என்பார். அவனும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். இதைவிட நெருக்கமாக ஒரு விளையாட்டை ஒரு ஊர் வைத்திருந்து நான் எங்கும் பார்க்கவில்லை. கோடிக் கணக்கில் பணம் புரளும் ஆட்டங்களை எல்லாம் அதன் பிறகு பார்த்தாயிற்று, என் மனது இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

2012-ல் ஆகஸ்ட் மாதப் புதன்கிழமை ஒன்றில் இருபத்தொன்றுக்கு உட்பட்ட கிளேர் பையன்கள் நம் திடலிலேயே டிப்பெரரியை இரண்டே புள்ளியில் வென்று மன்ஸ்டர் மாகாணத்தைப் பிடித்தார்கள். செப்டம்பரில் கில்கென்னியை வென்று அயர்லாந்தையே பிடித்தார்கள். ஆனால் என் நெஞ்சில் நிற்கிற பருவம் அதற்கு அடுத்தது, 2013. அன்றைய முறை இரக்கமில்லாதது. மாகாணப் போட்டியில் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது, மட்டையைக் கொட்டகையில் மாட்டிவிட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் கடைசிப் புதன்கிழமையாக இருக்கலாம் என்று பயந்துகொண்டே போவோம். பயந்துகொண்டே போனதால்தானோ என்னவோ ஒவ்வொன்றும் இவ்வளவு துல்லியமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரையிறுதியும் இறுதியும் தர்லஸ் ஊரில். 1884 நவம்பர் 1-ஆம் தேதி இந்த விளையாட்டுக்கான சங்கம் பிறந்தது அங்கேதான், ஹேய்ஸ் ஹோட்டலில். அதைத் தொடங்கிய மைக்கேல் கியூசாக் கிளேர்க்காரர், கேரன் என்கிற பாறைக்காட்டு ஊரில் பிறந்தவர். நம் திடலுக்கு அவர் பெயர்தான். பெரியவருக்கு லிமரிக் வழி நெடுஞ்சாலை பிடிக்காது. டுல்லா வழியாகக் கிலாலோ போய், ஷானன் நதியைக் கடந்து, நீனா, பாரிஸோலி என்று ஊர் ஊராகப் போவார். டுல்லா தாண்டியதும் ஃபீக்கிள் பக்கம் கையைக் காட்டி பிடி எர்லி கதையைச் சொல்வார். மூலிகை மருந்து கொடுத்த கிழவி, கையில் மாய நீலப் புட்டி, கிளேர் அணிக்குச் சாபம் விட்டவள். 1914-க்குப் பிறகு 1995 வரை, 81 வருஷம் கிளேர் அயர்லாந்துச் சீனியர் கோப்பையைத் தொடவில்லை, எல்லாம் அந்தச் சாபம்தான். அவள் இறந்தது 1874, சங்கம் பிறந்ததோ பத்து வருஷம் கழித்து என்று நீ கணக்குச் சொன்னாய். பெரியவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல், “அவளுக்கு அதெல்லாம் முன்னாடியே தெரியும்” என்றார். 1995-ஐப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். அதற்கும் முந்தைய காலத்துக் காகிதத் தொப்பிகளைப் பற்றியும் சொல்வார். மழை பெய்தால் சாயம் கரைந்து மஞ்சளும் நீலமும் நெற்றியில் வழியுமாம். வீட்டுக்குப் போய் மூன்று நாள் தேய்த்தாலும் போகாதாம்.

கிலாலோ பாலம் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். சிக்னலில் நிற்போம். அந்தப் பக்கம் டிப்பெரரி. பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, கீழே நதியின் வாடையை உள்ளே விட்டு, “இனி எதிரி நாடு, லேட்ஸ்” என்று எச்சரிப்பார். தர்லஸில் திடலுக்கு வெகு தூரத்திலேயே ஏதோ ஒரு வயல் ஓரம் காரை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறப்பார். பிறகுதான் சாப்பாடு. ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையிலேயே சுற்றிய ஹாம் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், பிளாஸ்கில் டீ. நம் பங்குக்கு எலுமிச்சைச் சாதமும் அப்பளமும். அவர் எலுமிச்சைச் சாதத்தை ஃபோர்க்கால் நுள்ளிப் பார்த்து, அடுத்த முறை டப்பாவை நம்மிடம் கேட்காமலே வாங்கிக்கொண்டார். அரையிறுதி நாளில் பக்கத்துக் கார்க்காரர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் போனது. கடுகு பல்லில் சிக்கியதை ஒருத்தர் வெகு நேரம் நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். வெட்டிய புல்லின் வாசனை, டீசல், தூரத்தில் தொப்பியும் கொடியும் விற்பவனின் இழுத்த குரல். நாம் கிளேர் கால்வேயை வென்றதைப் பார்த்தோம். அதே நாளில் யாரும் எதிர்பாராதபடி வடக்கே இருந்து வந்த அன்ட்ரிம் பையன்கள் வெக்ஸ்ஃபோர்டைச் சாய்த்தார்கள்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை, இறுதி. அதற்கு ஆறு நாள் முன்னால்தான் டப்ளினில் கிளேர் சீனியர் அணி கார்க் அணியோடு சமநிலையில் முடித்திருந்தது. கடைசி நொடியில் தற்காப்பு ஆட்டக்காரர் டோனல் ஓ'டோனவன் எங்கிருந்தோ அடித்த புள்ளி காப்பாற்றியது. மறு ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அந்த நடுவில் இந்த இறுதி. டோனி கெல்லி, டேவிட் மெக்கினர்னி, கோல்ம் கால்வின், ஷேன் ஓ'டோனல் என்று பாதிப் பேர் இரண்டு அணியிலும். எந்தப் பயிற்சியாளரும் இன்று இப்படி ஒரு மூன்று வாரத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பையன்கள் ஓடி வந்த ஓட்டத்தில் களைப்பே இல்லை. கிளேர் 2-28, அன்ட்ரிம் 0-12. கோலைப் புள்ளியாக்கினால் இருபத்திரண்டு புள்ளி வித்தியாசம். பாதி நேரத்துக்குப் பிறகு பெரியவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அன்ட்ரிம் பையன் ஒருத்தன் புள்ளி எடுத்தபோது கை தட்டினார். அவரைப் பார்த்து வரிசையே தட்டியது.

ஆட்டம் முடிந்ததும் வேலியைத் தாண்டித் திடலுக்குள் பிள்ளைகள் ஓடினார்கள். பெரிய பையன்கள் வியர்வையும் சேறுமாகக் கோப்பைக்குக் காத்திருக்க, அவர்கள் காலடியில் ஏழெட்டு வயசுப் பொடியன்கள் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் விரட்டவில்லை. நாம் காருக்குத் திரும்பியபோது பக்கத்தில் ஒரு அன்ட்ரிம் குடும்பம் டிக்கியைத் திறந்து வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு ஊர் போக வேண்டியவர்கள். அந்த அம்மா நம் பிளாஸ்க் காலியாக இருப்பதைப் பார்த்துத் தன்னுடையதை நீட்டினார். மகன் ஆடினானா என்று பெரியவர் கேட்டார். மகன் இல்லை, தங்கை மகன், கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள் என்றார். “பந்தைத் தொட்டானா?” “இரண்டு தடவை.” “அப்ப போதும்” என்று பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெல்ஃபாஸ்டில் அவர்களுடைய பெரிய திடல் கேஸ்மென்ட் பார்க் அந்த வருஷம்தான் மூடப்பட்டது. பையன்களுக்கு இனி எங்கே ஆட்டம் என்று அந்த அம்மா கவலைப்பட்டார்.

செப்டம்பர் 28 மறு ஆட்டம் உனக்கே மனப்பாடம். கிளேர் 5-16, கார்க் 3-16. பத்தொன்பது வயது ஷேன் ஓ'டோனல், நம் ஊர் ஏர் ஓக் சங்கத்துப் பையன், தான் ஆடப் போகிறோம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது அவனுக்கு. மூன்று கோல், மூன்று புள்ளி. அந்த இரவு என்னிஸ் தெருக்களில் நாம் நடக்கவில்லை, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் பெரியவர் டீவியில் கோப்பை தூக்கும்போது சொன்னது வேறு. “இதை நாம புதன்கிழமையே பார்த்துட்டோம்” என்றார். அதுதான் நிஜம். உலகம் அன்று கண்டுபிடித்த பையன்களை நாம் சிப்ஸ் தின்றுகொண்டே முன்னால் பார்த்திருந்தோம். அடுத்த வருஷம் 2014-லும் அதே அணி, அதே கோப்பை. மூன்று வருஷம் வரிசையாக.

நீ அந்தக் குளிர்காலம் டொரான்டோ போய்விட்டாய். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

பையன்கள் மேல் பாரம் கூடுகிறது என்று 2016-ல் சங்கம் வயதைக் குறைக்க முடிவு செய்தது. 2018 முதல் மைனர் பதினேழு வயதுக்கு உட்பட்டது. இறுதித் தேர்வும் கவுண்டி ஆட்டமும் இப்போது ஒரே வருஷத்தில் பெரும்பாலும் முட்டிக்கொள்வதில்லை. அது பையன்களுக்கு நல்லது, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. இருபத்தொன்றுக்கு உட்பட்ட போட்டியும் அதே ஆண்டோடு நின்றது. 1964-ல் முதல் கோப்பை டிப்பெரரிக்கு, 2018 ஆகஸ்டில் லிமரிக்கில் கடைசிக் கோப்பையும் டிப்பெரரிக்கே, கார்க்கை மூன்று புள்ளியில் வென்று. அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். இப்போது இருபதுக்கு உட்பட்டவர்கள் ஆடுகிறார்கள். லீக் முறை, ஒரு தோல்வியோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் பிறப்பதற்கு அங்குமிங்குமாக முடிந்துவிடுகிறது. சட்டைக்குமேல் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு போகிறேன். ஆட்டம் முடிவதற்குள் இருட்டிவிடும் நாட்களும் உண்டு. கோடையில் ராத்திரி பத்து மணி வரை சாயாத அந்த வெளிச்சத்தில் ஆடு என்றால் இந்தப் பையன்களும் ஆடத்தான் செய்வார்கள். வெளிச்சம் வரும்போது அவர்களுடைய பருவம் முடிந்துபோயிருக்கிறது.

பந்து இப்போது மஞ்சள். திடலின் வாயிலில் ஒரு நிறுவனத்தின் பெயரை முன்னால் சேர்த்து, சிம்மர் பயோமெட் பார்க் சியோசோக் என்று பலகை. ஊர்க்காரர்கள் இன்னும் கியூசாக் பார்க் என்றே சொல்கிறோம். கிலாலோவில் புதுப் பாலம் வந்துவிட்டது, சிக்னலில் நிற்க வேண்டாம். சாலையோரத்து ஆஷ் மரங்களைத்தான் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நாம் முதல் கோப்பையைக் கொண்டாடிய அதே 2012-ன் அக்டோபரில்தான் லீட்ரிம் கவுண்டியில் இறக்குமதிக் கன்றுகளில் அவற்றைக் கொல்லும் பூஞ்சை நோயை முதலில் கண்டார்கள். அப்போது செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. இன்று டுல்லா ரோட்டில் போனால், மே மாதத்திலும் உச்சிக் கிளைகள் மொட்டையாக, நடுவில் மட்டும் கொத்துக் கொத்தாக இலையோடு நிற்கின்றன. அந்தப் பட்டறைக்குப் போன வருஷம் போனேன். வேலை நடக்கிறது, ஆனால் அடுக்கி வைத்திருந்த பலகைகள் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இருந்து வந்தவை. ஒரு மூலையில் மூங்கிலை ஒட்டிச் செய்த மட்டைகள். எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். நல்ல மட்டைதான், கையில் நன்றாகவே நிற்கிறது. வாசனை மட்டும் கோந்து வாசனை.

பெரியவர் வீட்டில் இப்போது லிமரிக்கில் இருந்து வந்த இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள், பார்த்தால் கை அசைப்பார்கள். மதிலை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குப் பலகை வேலி போட்டிருக்கிறார்கள், நாய் வளர்ப்பதால். கொட்டகையைப் பிரித்தபோது மூலையில் இருந்த மட்டைகளை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். ஒன்பது இருந்தன. அவர் பேரனுக்குத் தகவல் சொன்னேன். அவன் சிட்னியில் இருக்கிறான். நாலை எனக்காக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எரித்துவிடுங்கள், தாத்தா அப்படித்தான் செய்வார் என்று எழுதினான். எது எந்த ஆட்டத்தில் உடைந்தது என்பதைச் சொல்ல ஆள் இல்லாததால் எதையும் எரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதும் என் படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன.

2024 ஜூலை 21 அன்று கிளேர் மறுபடி வென்றது. மறுபடி கார்க், கூடுதல் நேரத்துக்குப் போய் ஒரே புள்ளியில். தலைவன் டோனி கெல்லி, முப்பது வயது. அவன் மட்டையிலேயே பந்தைத் தட்டித் தட்டி உள்ளே போய் அடித்த கோலை நீயும் அங்கே பகலில் பார்த்திருப்பாய். எனக்கு அப்போது தோன்றியது, இந்தத் தட்டலை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், சிப்ஸ் காகிதத்தை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு. வீட்டில் தனியாகத்தான் எழுந்து நின்றேன். டீயும் ஆறிப்போனது, நானே போய் மறுபடி போட்டேன்.

செப்டம்பரில் பத்து நாள் லீவு கிடைக்கிறது, வரட்டுமா, தர்லஸ் போவோமா என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக வா, அறை இருக்கிறது. ஆனால் செப்டம்பரில் கவுண்டி ஆட்டம் ஒன்றுகூட இருக்காது. சீனியர் இறுதியே ஜூலையில் முடிந்துவிடுகிறது. 2023-ல் நம் மைனர் பையன்கள் 1997-க்குப் பிறகு முதல் தடவையாக அயர்லாந்துக் கோப்பை வாங்கியது தர்லஸில்தான், மே மாதத்தில். ஆகவே முடிந்தால் மே நடுவில் வருகிற மாதிரி டிக்கெட் போடு. கம்பளிக் கோட்டு ஒன்று எடுத்துக்கொள். கடுகும் காய்ந்த மிளகாயும் இங்கேயே கிடைக்கிறது, கொண்டுவர வேண்டாம். பழைய ரோட்டிலேயே போவோம், கார் நான் ஓட்டுகிறேன்.